காய்ச்சல் விட்ட மறுநாள் தேர்வு

ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிட்டால், எங்கள் காய்ச்சல் பிரிவின் மாலைச் சுற்றில் ஒரு கேள்வி தவறாமல் எழும். “காய்ச்சல் விட்டுவிட்டது சார். நாளைக்குக் காலையில் பத்து மணிக்குத் தேர்வு. எழுதிவிட்டு வந்து மறுபடியும் படுத்துக்கொள்ளட்டுமா?” கேட்பவருக்கு இருபது வயது இருக்கும். ஒரு கையில் சலைன் ஏறிக்கொண்டிருக்கும். மறு கையில் நண்பர் கொண்டுவந்து கொடுத்த பாடக்குறிப்பு இருக்கும். அருகில் நிற்கும் தாயார், நாங்கள் சரி என்று சொல்லிவிட வேண்டுமே என்ற முகத்துடன் எங்களைப் பார்ப்பார்.

துவாக்குடியில் மருத்துவம் பார்ப்போருக்கு இது புதிதன்று. தேசியத் தொழில்நுட்பக் கழகம், அரசு கலைக் கல்லூரி, தஞ்சாவூர்ச் சாலையில் வரிசையாக நிற்கும் பொறியியல் கல்லூரிகள், அவற்றைச் சார்ந்த விடுதிகள் என மாணவர் கூட்டம் நிறைந்த பகுதி இது. இங்கே நோய்க்கும் தேர்வுக்கும் ஏதோ ஓர் உடன்படிக்கை இருப்பதுபோலத் தோன்றும். வடகிழக்குப் பருவமழையோடு டெங்கு வருகிறது. நவம்பர், டிசம்பர் பருவத்தேர்வும் அப்போதுதான் வருகிறது. மாசி, பங்குனி வெயிலோடு அம்மை வருகிறது. அது ஓய்வதற்குள் ஏப்ரல், மே தேர்வு வந்துவிடுகிறது. தேர்வுக் காலத்தில் மாணவர் நோயுறுவதை அரிதான விபத்தாகக் கருத எங்களால் இயலவில்லை. அது ஆண்டுக்கு இருமுறை வரும், எதிர்பார்த்திருக்க வேண்டிய ஒன்று.

அந்தக் கேள்விக்கு எங்கள் விடை, கூடாது என்பதே. டெங்குவில் காய்ச்சல் இரண்டு முதல் ஏழு நாள் வரை நீடிக்கும். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடல் வெப்பம் இறங்கும். வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விடும் அந்த நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. அடுத்த 24 முதல் 48 மணி நேரம் வரை கண்காணிப்பில் இருந்தாக வேண்டும். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், காரணமற்ற சோர்வு ஆகியவை அபாய அறிகுறிகள். தேர்வறையில் மூன்று மணி நேரம் குனிந்து எழுதும் பிள்ளை இவற்றையெல்லாம் தேர்வு பயம் என்றே எண்ணிக்கொள்வார். இன்னும் சிலர், “எழுந்து உட்காரும்படி ஓர் ஊசி மட்டும் போட்டுவிடுங்கள்” என்பர். டைக்ளோஃபினாக் போன்ற வலி மருந்து டெங்குவில் இரத்தக் கசிவுக்கு வழிவகுக்கக் கூடியது. அந்த ஊசியை நாங்கள் போடமாட்டோம். வேறெங்கும் சென்று போட்டுக்கொள்ளவும் வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படிக் கேட்ட மாணவர் ஒருவரைத் தடுத்து நிறுத்தினோம். அவர் எங்களோடு பேசவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் முற்பகல், அவர் தேர்வறையில் இருந்திருக்க வேண்டிய வேளையில், இரத்த அழுத்தம் இறங்கிற்று. படுக்கையில் இருந்ததால் உடனே பார்த்தோம், உடனே நீர் ஏற்றினோம், பிழைத்தார். ஆனால் அவருடைய தேர்வு என்னவாயிற்று என்பதுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அவரோ அவருடைய பெற்றோரோ கல்லூரிக்கு ஒரு வரி எழுதிக் கொடுக்கவில்லை. ‘வரவில்லை’ என்று பதிவாயிற்று. பாடம் அரியர் ஆயிற்று. ஒரு மாதம் கழித்து எங்களிடம் சான்று கேட்டு வந்தபோது, சான்று கொடுத்தோம். அதனால் பயன் எதுவும் இல்லை.

அவர் கல்லூரியில் விதி இல்லாமலா இருந்தது? இருந்தது. அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளுக்கென வகுத்த 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறையை எடுத்துக்கொள்வோம். உடல்நலமின்மையோ எதிர்பாராத குடும்பச் சூழலோ நேர்ந்தால், படிப்புக் காலம் முழுவதிலும் ஏதேனும் ஒரு பருவத்தில், பருவ இறுதித் தேர்விலிருந்து விலகிக்கொள்ள மாணவர் அனுமதி பெறலாம். விண்ணப்பம் தேர்வுக்கு முன்னரே, உரிய ஆவணங்களுடன், கல்லூரி முதல்வர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குச் செல்ல வேண்டும். அதற்குப் பத்து நாள் கணக்கு ஒன்று உண்டு. எனினும் அசாதாரணச் சூழலில் அதைத் தளர்த்தித் தனியே பரிசீலிக்கவும் அதே விதி இடமளிக்கிறது. இவற்றைவிட முக்கியமான வரி ஒன்று அதில் இருக்கிறது. சிறப்புத் தகுதியுடன் கூடிய முதல் வகுப்புப் பெற, எல்லாப் பாடங்களிலும் முதல் முறையிலேயே தேறியிருக்க வேண்டும். அனுமதி பெற்று விலகியது ஒரு முறையாகக் கணக்கில் கொள்ளப்படாது.

காய்ச்சலோடு எழுதித் தோற்றவர் அந்தத் தகுதியை இழக்கிறார். விண்ணப்பித்துவிட்டு எழுதாமல் இருந்தவர் இழப்பதில்லை. “எப்படியாவது போய் உட்கார்ந்துவிட்டு வா, தேறிவிடுவாய்” என்று பிள்ளையை அனுப்பும் பெற்றோர் எத்தனை பேருக்கு இது தெரியும்? எங்களுக்கே, ஒரு மாணவியின் தந்தை அந்த விதிப்புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டியபிறகுதான் தெரிந்தது.

வருகைப் பதிவுக்கும் இப்படியொரு கணக்கு உண்டு. பருவத்துக்கு 75 வேலை நாள். அதில் 75 விழுக்காடு வருகை வேண்டும். அதாவது 18 நாள் வரை வராதிருந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். 19ஆம் நாளிலிருந்து 26ஆம் நாள் வரை, வருகை 65 விழுக்காட்டுக்குக் கீழே போகாத வரையில், நீடித்த மருத்துவமனைச் சிகிச்சை, விபத்து, குறிப்பிட்ட நோய் ஆகிய காரணங்களுக்குச் சான்று கொடுத்துத் தேர்வெழுதலாம். அதற்கும் மேலானால் அந்தப் பருவம் போயிற்று. தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் பாடத்திட்டக் குறிப்புகளிலும் 75, 65 என்ற இவ்விரு எண்களே இருக்கின்றன; 65க்குக் கீழே சென்றால் இறுதித் தேர்வு இல்லை. ஆனால் இடையில் நடக்கும் தேர்வு ஒன்றைத் தக்க காரணத்தால் தவறவிட்டவருக்கு ஈடாக ஒரு தேர்வு வைக்கும் வழக்கம் அங்கே உண்டு. தங்கள் பிள்ளை சேர்ந்த ஆண்டுக்குரிய விதிப்புத்தகம் எது என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஆண்டு அது மாறும்.

விதி எல்லாவற்றுக்கும் ஆதாரமாகக் கேட்பது ஒரு தாளை. அந்தத் தாள்தான் பலருக்கு இருப்பதில்லை. அம்மை நோயைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சமயபுரத்தாளுக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு அம்மையை வெறும் வைரஸ் என்று மட்டும் பேசினால் யாரும் காதில் வாங்கமாட்டார்கள் என்பதை அறிவோம். மாசி இறுதியில் தொடங்கி 28 நாள் அம்மனே தன் மக்களுக்காகப் பச்சைப் பட்டினி விரதம் இருக்கும் ஊர் இது. பிள்ளைக்கு அம்மை கண்டால் வேப்பிலை செருகி, தனியே படுக்கவைத்து, வெளியார் வராமல் பார்த்துக்கொண்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை காத்திருப்பார்கள். தனிமைப்படுத்தலும் ஓய்வும் நல்லவையே. வேப்பிலைக்கு நாங்கள் பகைவர் அல்லர். ஆனால் மருத்துவரிடம் போகக்கூடாது என்ற பகுதி மட்டும் இரண்டு வகையில் கேடு செய்கிறது. சின்னம்மை இருபது வயதுக்காரரைச் சிறு குழந்தையைவிடக் கடுமையாகத் தாக்கும். நுரையீரல் அழற்சியும் வரலாம். அதற்கான மருந்தைக் கொப்புளம் தோன்றிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் கிடைக்கும். இது முதற்கேடு. இரண்டாவது, பதினைந்தாம் நாள் தண்ணீர் ஊற்றிவிட்டு, தழும்பு மட்டும் மிஞ்சிய முகத்துடன் எங்களிடம் வந்து, “முதல் நாளிலிருந்து போட்டு ஒரு சான்று எழுதிக் கொடுங்கள்” என்று கேட்பது. முதல் நாள் நாங்கள் அவரைப் பார்க்கவே இல்லையே!

முன்தேதியிட்ட சான்றை எங்களால் தர இயலாது. இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிமுறைகளின்படி, நாங்கள் தரும் ஒவ்வொரு சான்றுக்கும் பதிவேட்டில் பதிவு வேண்டும். நோயாளியின் அங்க அடையாளம், கையொப்பம், சான்றின் நகல் எல்லாம் இருக்க வேண்டும். பொய்ச் சான்று தந்தால் மருத்துவப் பதிவிலிருந்து பெயரை நீக்கலாம். அந்த அச்சம் ஒருபுறம் இருக்கட்டும். கைக்கு எட்டும் விலையில் பொய்ச் சான்று கிடைக்கிறது என்று கல்லூரி அலுவலகங்கள் நம்பத் தொடங்கிவிட்டதால்தான், உண்மையான சான்றோடு செல்லும் பிள்ளையையும் அவை ஐயத்தோடு பார்க்கின்றன. சென்ற ஆண்டு மஞ்சள் காமாலையில் பதினோரு நாள் எங்களிடம் படுத்திருந்த மாணவியிடம், “எங்கே வாங்கினாய் இதை?” என்று ஓர் அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். இதற்குக் கேட்டவரை மட்டும் குறைசொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. எங்கள் தொழிலைச் சேர்ந்த சிலருக்கும் இதில் பங்குண்டு.

எனினும், பதினைந்தாம் நாள் வருவோருக்குச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இன்று பரிசோதித்தபோது கண்டது என்ன, அது எத்தனை நாளுக்கு முன் தொடங்கிய நோயோடு பொருந்துகிறது என்று உண்மையை உண்மையாகவே எழுதித் தரலாம். அப்படி எழுதுமாறு கேளுங்கள். பல கல்லூரிகள் அதை ஏற்றுக்கொள்கின்றன. இதைவிட எளிது, முதல் நாளிலேயே வந்து ஓபி சீட்டு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது. அம்மை கண்டவரைத் தேர்வறைக்கு அனுப்புவதும் கூடாது. கொப்புளம் எல்லாம் காய்ந்து பக்குக் கட்டும் வரை தொற்றும். அந்த அறையில் கர்ப்பிணியான கண்காணிப்பாளர் இருக்கக்கூடும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய மாணவர் இருக்கக்கூடும்.

எங்களிடம் சேர்ந்து சிகிச்சை பெற்றோர் தங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று அதே 2002ஆம் ஆண்டு விதி சொல்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியைத் தொலைத்துவிட்டோம் என்று தயங்க வேண்டியதில்லை. உள்நோயாளிப் பதிவுகளை மூன்றாண்டு வரை வைத்திருக்கும் கடமை எங்களுக்கு உண்டு.

சிலர் வேறொரு காரணத்தால் தயங்குகிறார்கள். காசநோய் என்றோ மனச்சோர்வு என்றோ கல்லூரிக்குத் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் அது. அந்த அச்சம் ஆதாரமற்றது என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை சிகிச்சையில் இருந்தார், ஓய்வு தேவைப்பட்டது என்று நோயின் பெயரைக் குறிப்பிடாமலும் சான்று எழுதலாம். நோயின் பெயர் கட்டாயம் வேண்டும் என்று கல்லூரி கேட்டால், முதல்வர் பெயருக்கு உறையிட்டு ஒட்டித் தருகிறோம். மனநலச் சிகிச்சையின் இரகசியம் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்குத் தந்த உரிமை. எங்கள் கருத்து இதுதான்: கல்லூரிக்குத் தெரிய வேண்டியது மாணவர் அந்நாள்களில் தேர்வெழுதும் நிலையில் இருந்தாரா என்பது மட்டுமே. நோயின் பெயரை எழுத்தர் மேசை வரை கொண்டுசெல்லும் தேவை எங்களுக்குப் புலப்படவில்லை.

வலிப்பு நோய், இரத்தச் சோகையில் தலசீமியா, பார்வைக் குறைவு, எழுத முடியாத கை போன்ற நீடித்த நிலைகளுக்கு வழி வேறு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, கூடுதல் நேரத்துக்கும் சொல்வதை எழுதுபவர் உதவிக்கும் வழிசெய்வதை அரசு, உள்ளாட்சி அமைப்புகளின் கடமையாக்குகிறது. கைப் பிடிப்பால் எழுத இயலாத ஒருவரின் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், 40 விழுக்காடு ஊனம் என்ற வரையறையை எட்டாதவருக்கும் இவ்வுதவியை மறுக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. இதற்கும் முன்கூட்டியே விண்ணப்பம் வேண்டும். தேர்வு நாளன்று காலையில் கேட்டால் யாராலும் ஏற்பாடு செய்ய முடியாது.

இதுவரை சொன்னது நோயுற்ற மாணவரைப் பற்றி. இந்த இதழைப் படிப்போரில் பலர் நோயாளியின் அருகில் இருப்பவர்கள். அவர்களுள்ளும் மாணவர் உண்டு. அவர்களுக்கென்று விதிப்புத்தகத்தில் தேடினால் ஏறத்தாழ எதுவும் இல்லை.

தந்தைக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து வாரப் பருவத்தில் 45 முறை. அழைத்து வந்து, நான்கு மணி நேரம் காத்திருந்து, சோர்ந்தவரை ஆட்டோவில் ஏற்றி வீடு சேர்த்தால் அன்றைய வகுப்பு போயிற்று. தாயும் மகனும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொண்டாலும் மகனுக்கு 22 நாள். வருகை 71 விழுக்காட்டைத் தொடவில்லை. வருகைக் குறைவுக்கான காரணங்களின் பட்டியலில் அவருடைய சொந்த நோய் இருக்கிறது, விளையாட்டுப் போட்டி இருக்கிறது. தந்தையின் நோய் இல்லை. விலகிக்கொள்ளும் விதியில் குடும்பச் சூழல் என்ற சொல் இருக்கிறதே என்றால், மற்றபடி தேர்வெழுதத் தகுதி பெற்றவருக்குத்தான் அது பொருந்தும். வருகை குறைந்தவருக்கு அந்த வாசலும் மூடியிருக்கிறது. கபடி ஆடப் போனவருக்கு இடமளித்த விதி, தந்தையைத் தாங்கிப் பிடித்தவரை எண்ணிப் பார்க்கவில்லை. கபடி வீரர்கள் எங்கள்மேல் வருந்தக்கூடாது. அவர்களுக்குக் கிடைப்பது அவர்களுக்கு உரியதே.

டயாலிசிஸ் பிரிவின் வராந்தாவில் மடியில் மடிக்கணினியோடு அமர்ந்திருக்கும் பிள்ளைகளை நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம். அவர்களுடைய உழைப்புக்கு எங்கள் ஏடுகளில் ‘உடனிருப்பவர்’ என்ற ஒரு சொல்லுக்கு மேல் இடமில்லை. அந்த இடத்தில் பெயரையும் நாளையும் எழுதுவதும், கேட்டால் அதற்கொரு சான்று தருவதும் மருத்துவமனைகளால் ஆகும். அதை ஏற்பதா மறுப்பதா என்பது கல்லூரியின் முடிவு. ஆனால் சான்றே இல்லாவிட்டால் முதல்வர் இரங்கினாலும் கோப்பில் வைக்க ஒன்றும் இருக்காது. விதிகள் மாறாதவையும் அல்ல. மகப்பேற்று விடுப்புக்கும் வருகைத் தளர்வுக்கும் விதி வகுக்குமாறு 2021 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு துணைவேந்தர்களுக்கு எழுதிற்று. 2023 ஜனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மாதவிடாய் நாள்களைக் கருதி மாணவியருக்கு 2 விழுக்காடு தளர்வு தந்தது. யாரோ கேட்டிருக்கிறார்கள், கேட்டதால் கிடைத்திருக்கிறது.

2020இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது, கட்டணம் செலுத்தியிருந்த அரியர் மாணவர் அனைவரும் தேர்ச்சி என்று தமிழக அரசு அறிவித்ததும், சுவரொட்டிகள் முளைத்ததும், பின்னர் அது உயர் நீதிமன்றம் வரை சென்றதும் பலருக்கு நினைவிருக்கும். அது சரியா என்ற வாதத்துக்குள் நாங்கள் செல்லவில்லை. எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் துன்பம் வந்தால் கேளாமலே சலுகை வருகிறது. ஒரு வீட்டில் மட்டும் வந்தால் அந்த வீடுதான் வாய்திறந்து கேட்க வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் கவனித்தோம்.

கேட்பதற்கு என்ன தடை? பெரும்பாலும் அந்தச் சொல்தான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. இந்த நடைமுறைக்கு ஆங்கிலப் பெயர் ‘கண்டொனேஷன்’, தமிழில் மன்னிப்பு. டைபாய்டு வந்ததற்கு மன்னிப்பா? “தெரியாமல் செய்துவிட்டேன், என்னை மன்னித்து” என்று தொடங்கிய ஒரு மாணவரின் விண்ணப்பத்தை நாங்களே படித்திருக்கிறோம். அவர் செய்தது குடல்வால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டது. குற்றவாளிபோல் நிற்கவேண்டியிருக்கும் என்று அஞ்சியே பலர் அலுவலகப் படி ஏறுவதில்லை. பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் சில நாள் உடல்நலக் குறைவுக்கு மாணவரின் சொந்த உறுதிமொழியையே ஏற்றுக்கொள்கின்றன. அங்கும் ஒரு கண்டிப்பு உண்டு: தேர்வறையில் போய் அமர்ந்தால், எழுதும் நிலையில் இருப்பதாக நீங்களே அறிவித்ததாகப் பொருள், பின்னர் நோயைக் காரணம் காட்டுவது கடினம். நம்மூரில் 2025 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், வருகைக் குறைவை மட்டும் காட்டிச் சட்ட மாணவர் எவரையும் தேர்வெழுதவிடாமல் தடுக்கலாகாது என்றது. 2016இல் அப்படித் தடுக்கப்பட்ட ஒரு மாணவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டதிலிருந்து எழுந்த வழக்கு அது. தேர்வு, வருகை என்று பேசும் பிள்ளை திடீரெனப் பேச்சை நிறுத்திக்கொண்டால், சான்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அன்றே அழைத்து வாருங்கள். இரவாயினும் வாருங்கள். உடனே வர இயலாதென்றால் 104 என்ற எண்ணிலும் 14416 என்ற எண்ணிலும் பேசலாம், இரண்டும் கட்டணமற்றவை.

மற்றவர்கள் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. பிள்ளையை இங்கே சேர்க்கும்போதே, வயது, ஒவ்வாமை ஆகியவற்றோடு தேர்வு எந்தத் தேதியில் என்பதையும் செவிலியரிடம் சொல்லுங்கள். நோயாளிக் குறிப்பேட்டில் எழுதிவைக்கிறோம். அன்று மாலைக்குள் நான்கு வரியில் ஒரு விண்ணப்பம்: பெயர், பதிவு எண், எந்தப் பாடம், எந்த நாள், எங்கே சிகிச்சை. பிள்ளையால் எழுத முடியாவிட்டால் பெற்றோர் எழுதலாம். ஊர் தொலைவில் இருந்து விடுதி மாணவர் தனியே கிடந்தால், விடுதிக் காப்பாளர் பெயருக்கும் ஒரு நகல் வேண்டும். கொடுத்ததற்கு அலுவலக முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். நேரில் போக முடியாவிட்டால் மின்னஞ்சலில் அனுப்பி, அனுப்பிய நேரத்தைக் குறித்து வையுங்கள். அதனோடு இணைக்கச் சிகிச்சையில் இருப்பதற்கான சான்று வேண்டுமென்றால், டிஸ்சார்ஜ் ஆகும் வரை காத்திராமல் சேர்ந்த அன்றே கேளுங்கள். மாலைச் சுற்றில் கேட்டால் கையொப்பமிட்டுத் தருகிறோம்.